குதிரைக்குப் புல் போடுவது யார்?

‘மர்ம தேசம்’ ஓடிய காலத்தில் எங்கள் வீட்டுக் கழிப்பறை பின்பக்கம், கிணற்றைத் தாண்டி இருந்தது. பீர்க்கன்கரணை அப்போது பேரூராட்சி. ஜிஎஸ்டி சாலையில் லாரிகள் விடிய விடிய ஓடும். ஆனால் ஏரிப் பக்கம் இருந்த எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்கள் இரண்டுதான், அதிலும் ஒன்று எரியாது. வாரம் ஒருநாள் இரவு, தொடர் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், வீட்டிலிருந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பின்பக்கம் போக வேண்டியிருக்கும். தனியாகப் போக ஒருத்திக்கும் தைரியம் கிடையாது. வரிசையாகப் போவோம், வரிசையாகத் திரும்புவோம்.

எங்களோடு சேராதவள் சித்தி ஒருத்திதான். அவளுக்குப் பயமே கிடையாது. பயப்பட வேண்டிய இடங்களில் எல்லாம் அவள் சிரிப்பாள்.

தொடரைத் தெரியாத இளம் தோழிகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் பின்பாதியில் சன் டிவியில் வந்தது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா, தயாரிப்பு பாலசந்தரின் மின் பிம்பங்கள். ‘ரகசியம்’ என்ற முதல் கதையை அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. மூலநாவலின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’. கெஞ்சலாக இருந்த தலைப்பு டிவிக்கு வந்தபோது மிரட்டலாகிவிட்டது. ஒரு கிராமம், தப்புச் செய்தவர்களைத் தண்டிக்கும் காவல் தெய்வம், இருட்டில் பாய்ந்து வரும் வெள்ளைக் குதிரை. குளம்புச் சத்தம் கேட்டாலே நான் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

தலையணைக்கு அப்பாலிருந்து சித்தியின் குரல் வரும்.

“ஏண்டி, இந்தக் குதிரைக்கு யாருடி புல்லு போடறா? சாணி எங்க போடுது? அத்தனை பெரிய குதிரையை ஊர்ல ஒருத்தரும் பகல்ல பாக்கலியா?”

“சும்மா இருடி” என்பாள் அம்மா.

“வெள்ளை வெளேர்னு இருக்கே. எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டையை வெளுக்கவே அரை நாள் ஆவுது.”

அவள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இருட்டிய பிறகு வெளியே போனால் கருப்பு அடிக்கும் என்று தெரிந்தும் அந்த ஊர் ஆண்கள் ஏன் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டேன். சித்தி சொன்னாள்: “பழக்கமில்லடி. ஆறு மணிக்கு மேல வெளிய போகாதேன்னு அவனுங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு வாரம் நம்மகிட்ட வந்து கத்துக்கிட்டுப் போகட்டும்.”

ரொம்பப் பிந்தி, ‘டார்க் ஷேடோஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி வாசித்தபோது சித்தியின் நினைவு வந்தது. 1966 முதல் 1971 வரை, வாரநாட்களின் பிற்பகலில் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய பேய்த் தொடர் அது. மொத்தம் 1,225 பகுதிகள். விக்டோரியா வின்டர்ஸ் என்ற இளம்பெண் வேலையில் சேர ரயிலேறி, கடலோரத்துப் பழைய மாளிகை ஒன்றுக்கு வருவதில் கதை தொடங்குகிறது. 1967இல் பார்னபஸ் என்ற ரத்தக்காட்டேரி வந்து சேர்ந்த பிறகுதான் தொடர் புகழின் உச்சிக்குப் போனது. அவசர அவசரமாக எடுத்ததால் கல்மாளிகையின் சுவர் ஆடும், மைக் தலைகாட்டும், நடிகர்கள் வசனத்தை மறந்து விழிப்பார்கள். இந்தத் தவறுகளை எண்ணி எண்ணிச் சிரிப்பது அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு இன்றும் ஒரு பண்டிகை. நேசிக்கிற ஒன்றைக் கேலி செய்வதில் சலுகை உண்டு, மறுபடி மறுபடி பார்க்கலாம். சித்தியும் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த காரணத்தை இனிச் சொல்ல வேண்டும். “உடம்பு சரியில்லை, ரெஸ்ட் எடுக்க வந்திருக்கா” என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார்கள். வீட்டுக்குள் வேறு பேச்சு. கல்யாணமாகி நான்காம் வருஷம், ஒரு சாயங்காலம், சோற்றுப் பானையைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்துவிட்டு, புருஷனையும் மாமியாரையும் பார்த்து அவள் சத்தம் போட்டிருக்கிறாள். அதுவரை யாரும் கேட்டிராத குரலில். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவாகிவிட்டது. அந்த நான்கு வருஷத்தில் அவள் உடம்பில் விழுந்த அடிகளுக்கு அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை.

உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, “யார் நீ? எந்த ஊர்? எதுக்கு வந்தே?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“என் பேரைத்தான் சொன்னேன்” என்றாள் சித்தி. “என் ஊரைச் சொன்னேன். எதுக்கு வந்தேன்னா, கட்டிக்குடுத்தாங்க, வந்தேன்னு சொன்னேன். பொய் சொல்றா, இன்னும் அடின்னாங்க. கடைசியில அஞ்சாங்கிளாஸ் டீச்சர் பேரைச் சொன்னேன். உடனே விட்டுட்டாங்க. பாவம், அந்த டீச்சர் அப்போ உசுரோடதான் இருந்தாங்க.”

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். புளியமரத்தில் ஆணி வைத்து அடித்த முடிக்கற்றை போக, உச்சந்தலையில் ஓர் ஓரமாகச் சொட்டை விழுந்திருந்தது. கொண்டையை இழுத்துப் போட்டு அதை மறைத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் அவள் சொன்னது தொடர் முடிந்த இரவில். ‘விடாது கருப்பு’வின் முடிவு ஊரறிந்ததுதான். சேத்தன் நடித்த ராஜேந்திரன், தன்னையே அறியாமல் கருப்பாக மாறுகிறவன். சின்ன வயதிலிருந்து மனம் இரண்டாகப் பிளந்து போனவன். சாமியும் இல்லை, பேயும் இல்லை, நோய் என்கிறது மருத்துவம். ‘அந்நியன்’ வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால் தமிழ் வீடுகளின் கூடத்தில் உட்கார்ந்து மனநோயைப் பற்றிப் பேசிய தொடர் அது. அதற்காக அதன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அன்றைக்கு ஒரு கேலியும் செய்யாமல் சித்தி கடைசிவரை பார்த்தாள். டிவியை அணைத்த பிறகுதான் பேசினாள்.

“அவனுக்கு என்ன ஆச்சுன்னு எத்தனை வாரம் பொறுமையா விசாரிச்சாங்க பாத்தியாடி.”

பின்னாளில் வகுப்பில் பழையனூர் நீலியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த வாக்கியம் குறுக்கே வந்து நிற்கும். கணவன் கையால் கொலையான பெண் பேயுருவில் வந்து பழிவாங்குகிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்லி அவளோடு அனுப்பிவைத்த எழுபது வேளாளர்கள், வாக்குத் தவறியதால் தீயில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய சத்தியத்துக்கு நினைவிடம் இருக்கிறது. கொலையுண்டவளின் அழுகைக்கு மொழி கொடுத்த இடம் ‘நீலிக் கண்ணீர்’. பொய்யாக அழுவதற்கு அவள் பெயர். அவள் பேச்சைக் கேட்க ‘நீலகேசி’ என்ற சமண நூல் வர வேண்டியிருந்தது. அதில் அந்த நீலி மனம் மாறி, பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். பக்கத்துத் திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையார். அவர் பேயுருவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். ஆண் அரிவாள் எடுத்தால் அவனுக்குக் குதிரையும் கோயிலும் உண்டு. பெண் பானையை உடைத்தால் வேப்பிலை.

அச்சம் எதிலிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார். வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், நமக்கு மேலிருக்கும் தலைவர். முதல் மூன்றையும் எங்கள் வீட்டில் தாராளமாகப் பேசுவோம். ஏரிக்கரையில் பாம்பு, பின்கதவில் திருடன், டிவியில் கருப்பு. நான்காவதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. சித்தி சிரித்தது முதல் மூன்றையும் பார்த்துத்தான் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. நான்காவதோடு நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் வெள்ளைக் குதிரைக்கா பயப்படுவாள்?

என்னுடைய பங்கையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் நான் தலையணைக்குப் பின்னால் ஒளிந்தது கருப்புக்குப் பயந்து மட்டும் இல்லை. சித்திக்குப் பக்கத்தில் படுக்காதே என்று ஆயா சொல்லியிருந்தாள், நானும் படுக்கவில்லை. பின்பக்கம் போகும் வரிசைக்கு அவளை நாங்கள் கூப்பிட்டதே இல்லை. பயமில்லாதவள், அதனால் வரவில்லை என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லிவந்தேன். யாரும் கூப்பிடவில்லை, அதனால் வரவில்லை என்பதே சரி.

அந்தக் கடைசி இரவில் அம்மா தூங்கிப்போயிருந்தாள். நான் எழுந்து, “சித்தி, பின்னாடி போகணும், துணைக்கு வரியா?” என்றேன்.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் உள்ளே இருந்தபோது வெளியிலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டி அவள்தான் அடித்துக்கொண்டிருந்தாள். “சித்தி!” என்று நான் அலறியதில் அம்மா எழுந்து ஓடிவந்தாள். சித்தி கிணற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அவள் பிறகு புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. தையல் கற்றுக்கொண்டாள். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக வீடெடுத்து, இன்றும் அங்கேதான் இருக்கிறாள். பழைய தொடர் யூடியூபில் கிடைக்கிறது என்று போனில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டாள்.

“எல்லாத்தையும் மறுபடியும் நல்லாப் பாத்துட்டேண்டி. புல்லுக்கட்டு எங்கியுமே இல்லை.”