இரண்டு பாட்டில்கள் காட்டுவதும் காட்டாததும்

பசுமை இல்ல விளைவைக் காட்ட இரண்டு கண்ணாடி பாட்டில், இரண்டு வெப்பமானி, கறுப்புத் தாள், வினிகர், ஆப்பசோடா போதும். எல்.இ.டி. விளக்கு உதவாது. குண்டு பல்பு வேண்டும். இல்லாவிட்டால் பத்து மணி வெயில்.

பாதி வேலை விளக்கைப் போடுவதற்கு முன்பே இருக்கிறது. வெப்பமானிகள் இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் நிறுத்தி அளவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அதைக் கரும்பலகையில் குறித்த பிறகே அடுத்த வேலை. வெப்பமானியின் குமிழில் வெளிச்சம் நேரே படாதபடி சிறு அட்டையால் மறைக்க வேண்டும். கரியமில வாயுவை வேறொரு குடுவையில் உண்டாக்கிக் குழாய் வழியே ஒரு பாட்டிலுக்குள் செலுத்துவதே நல்லது. ஆப்பசோடாவும் வினிகரும் சேரும்போது கலவை குளிர்ந்துவிடும்.

சற்று நேரத்தில் கரியமில வாயு உள்ள பாட்டில் முந்தும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பாடத்தை அங்கே முடிக்க எனக்கு மனம் வராது. கரியமில வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் தங்கி, சூடான காற்று மேலெழுந்து கலைவதைத் தடுக்கும். இதே மாதிரிச் சோதனையில் ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே சூடு வருவதை 2010இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆர்கான் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாத வாயு. ஆக, பாட்டிலில் ஏறிய சூட்டில் பெரும்பங்கு கனத்தின் வேலை. வளிமண்டலத்தில் நடப்பது அதுவல்ல; அங்கே வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது.

1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு அதிகம் சூடேறுவதையும் மெதுவாக ஆறுவதையும் கண்டார். வெப்பக் கதிரைத் தனியே பிரித்து அளந்தவர் ஜான் டிண்டால். 1859இல் குழாய்க்குள் வாயுவை அடைத்து, ஒரு முனையிலிருந்து வெப்பத்தை அனுப்பி, மறுமுனையில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறத்தாழ அப்படியே விட்டன. நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சின. பூமி உறைந்துபோகாமல் சராசரி 15 டிகிரியில் இருப்பது இந்த உறிஞ்சலால்தான்; இல்லையென்றால் மைனஸ் 18.

அதனால் பாட்டில்களோடு இன்னொரு வேலையும் தருவேன். பட்டறைகளில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானியை இரவில் வானத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். தெளிந்த வானம் தரையைவிட வெகுவாகக் குறைந்த எண்ணைக் காட்டும். மேகம் வந்ததும் எண் ஏறும். மேலிருந்து வெப்பம் இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, பாட்டில் சோதனையைக் கைவிட வேண்டாம். ஆனால் ஆர்கான் கதையையும் அதே வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.