வேலிக்கு வெளியே ஒருவன்

நற்றிணை 201. பரணர் பாட்டு. மொத்தம் 12 வரி, மேடையில் பேசுகிறவன் தலைவன் ஒருவன்தான். ஆனால் அவன் வாய் திறப்பதற்கு முன்பே சண்டை முடிந்துவிட்டது. அவன் தோழனான பாங்கன் திட்டித் தீர்த்திருக்கிறான்: குறவன் வீட்டுச் செல்ல மகள், உனக்குக் கிடைக்கமாட்டாள், காவல் கடுமை, பேசினாலும் பதில் தரமாட்டாள், சின்னப் பெண் வேறு, அவளை நினைக்காதே. இந்த ஏச்சை நாம் பார்ப்பதில்லை. தலைவன் அதை முதல் நாலு வரியில் பாங்கனிடமே திருப்பிச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் தன் பதிலுக்கு வருகிறான். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் கொல்லி மலைத் தெய்வ உருவான கொல்லிப்பாவை உருக்குலைவதில்லை. அவளும் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள்.

ஒரே நடிகருக்கு இரண்டு குரல். பாங்கனின் குரலைக் கேலியாகப் பேசிக் காட்டினால் ஒரு நாடகம். தலை குனிந்து, 'நீ சொன்னதெல்லாம் சரிதான்' என்கிற தொனியில் பேசினால் வேறொரு நாடகம். இரண்டாவதே எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. இவ்வளவு தவிப்புக்கு நடுவிலும் அவன் கொல்லியின் செவ்வேர்ப் பலாவைச் சொல்கிறான், வெள்ளருவியைச் சொல்கிறான். நாடகமாக்க வருகிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான், 'வருணனை' என்று. வெட்டக்கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு அவன் மறுபடி பலம் சேர்க்கிற இடம் அது. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழ வாசனைக்கு நடுவே இந்தப் பாட்டை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

*

காரவள்ளியிலிருந்து மேலே கொல்லி மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் யாரும் தொடர்ந்து பேசுவதில்லை. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் ஒரு வாக்கியம், பிறகு கம்பியைப் பிடித்துக்கொள்ள ஓர் இடைவெளி. குறுந்தொகைக்கு ஏற்ற சாலை.

*

தொல்காப்பியர் செய்யுளியலில் 34 உறுப்புகள் சொல்கிறார். அவற்றில் மாத்திரை, அசை, சீர் எல்லாம் புலவருக்கு. ஆனால் நடுவே வருகிற கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகிய ஏழையும் தனியே எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, உடம்பில் என்ன தெரிகிறது, எதைச் சொல்லாமல் விட்டார், எதை வைத்து நாம் அதைக் கண்டுபிடிக்கிறோம். ஒத்திகையின் முதல் நாளில் ஒரு நல்ல இயக்குநர் கேட்கிற கேள்விகள்தான் இவை. அகத்திணையியலிலும் அவர் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்தே பேசுகிறார்.

இந்த ஏழில் நம் குறுநாடகக்காரர்கள் அதிகம் மறப்பது கேட்போரை.

*

கல்லூரி விழாக்களில் குறுநாடகப் போட்டிக்கு நடுவராகப் போன அனுபவம் உண்டு. பத்து நிமிடத்துக்குள் பிறப்பு, படிப்பு, காதல், வேலையின்மை, மது, சாவு. கடைசியில் எல்லாரும் உறைந்து நிற்க, ஒருவர் முன்னால் வந்து கருத்துச் சொல்வார். அது நீள நாடகத்தின் கதைச்சுருக்கம், அவ்வளவுதான். தனிநடிப்பு இன்னும் மோசம். பெண் வேடமிட்டவர் நேரே பார்வையாளர்களைப் பார்த்து அழுவார். யாரிடம் அழுகிறார்? நம்மிடமா? நாம் அவருக்கு யார்? அதற்கு விடை இல்லாததால் அழுகை நமக்கு ஒட்டுவதில்லை.

*

கபிலர் பேரில் வழங்கும் குறிஞ்சிக்கலியில் 51ஆம் பாட்டு. 16 வரி. கலித்தொகையை 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை அச்சிட்டார். அன்றிலிருந்து இதைப் படித்த எவரும் நாடகம் என்றே சொல்லி வருகிறார்கள். தலைவி சொல்கிறாள்: தெருவில் நம் மணல்வீட்டைக் காலால் சிதைத்த அந்தப் பயல் ஒருநாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அம்மா பொற்கிண்ணத்தில் கொடுத்துவரச் சொன்னாள். போனேன். கையைப் பிடித்துவிட்டான். 'அம்மா, இவன் செய்ததைப் பார்' என்று கத்தினேன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நானோ, தண்ணீர் விக்கிக்கொண்டான் என்றேன். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரித்தான்.

மூன்று பாத்திரம், ஒரு பொய், ஒரு கிண்ணம். இதை மூன்று பேரை வைத்து நடித்தால் பாதி போய்விடும் என்பது என் கட்சி. இது நடந்து முடிந்தபின் தோழியிடம் சொல்லப்படுவது. இத்தனை நாள் மறைத்த விஷயத்தைத் தலைவி இப்போது ஏன் சொல்கிறாள்? தோழி சிரிப்பாளா, கோபிப்பாளா? கத்தியதும் பொய் சொன்னதும் ஒருத்தியே என்பது ஒரே வாயிலிருந்து கேட்கும்போதுதான் இனிக்கும்.

*

அயல்நாட்டிலும் கேட்போர் என்கிற இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஸ்வீடனின் ஸ்ட்ரிண்ட்பெரி 1889இல் எழுதிய 'வலியவள்' நாடகத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேசிக்கொண்டே இருக்கிறாள், மற்றவள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. வலியவள் யார் என்று கடைசிவரை சண்டை போடலாம். செகாவின் 'புகையிலையின் தீங்குகள்' 1886இல் எழுதி, பின்னால் பல முறை திருத்திய தனியுரை. மனைவி கட்டளைப்படி சொற்பொழிவாற்ற வந்தவன் புகையிலையை விட்டுவிட்டுத் தன் வாழ்க்கையைக் கொட்டுகிறான். மேடைக்குப் பக்கத்தில் மனைவி வந்து நிற்பது கண்ணில் பட்டதும் குரல் மாறிவிடுகிறது.

இதைத்தான் நம் உரைகாரர்கள் சிறைப்புறம் என்றார்கள். தோழி தலைவியிடம் பேசுவாள். வேலிக்கு வெளியே தலைவன் நிற்பது அவளுக்குத் தெரியும். சொல் போவது ஓர் இடம், தைப்பது வேறிடம். நாம் தலைவிக்கும் அவனுக்கும் நடுவே எங்கோ உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து வரியில் மூன்று பேருக்கு வேலை கொடுத்த சிக்கனம் செகாவிடம்கூட இல்லை.

*

நற்றிணை 320. கபிலர். திருவிழா முடிந்த தெருவில் தழையுடுத்த ஒருத்தி நடந்து போகிறாள், ஊர் கொல்லென்று சிரிக்கிறது. எப்படிச் சிரித்தது? ஓரியைக் கொன்றபின் காரி அவன் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம்போல. கொல்லி மலையின் தலைவன் செத்தது ஒரு பெண்ணின் பொறாமைப் பேச்சில் உவமையாக வந்து போகிறது. வரலாற்று நாடகம் எழுத நினைப்பவர்கள் இந்த அலட்சியத்தைக் கவனிக்க வேண்டும்.

*

தெருக்கூத்தில் வேடம் திரையோடு வந்து நின்றதும் கட்டியங்காரன் குறுக்கே வந்து, நீர் யார், எந்த ஊர் என்று கேட்பான். துரியோதனன் தன் பெருமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்க ஆள் இல்லாமல் ராஜாகூடப் பேசுவதில்லை. நம் தனிநடிப்பு இளைஞர்கள் ஓர் இரவு விடிய விடிய உட்கார்ந்து இதைப் பார்க்கலாம்.

*

ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் மூன்று பாட்டு: 152, 153, 204. முதல் இரண்டும் வன்பரணர்.

152 முழு நீள வேடிக்கை. பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மார்பு ஆரத்தைப் பார்த்தால் கறி விற்கிறவன் மாதிரி இல்லை. இவன்தான் ஓரியோ? எதற்கும் பாடிவைப்போம், விறலியரே என்கிறார் தலைவர். முழவு, யாழ், எல்லாம் முழங்கி 21 துறையும் பாடி, கடைசியில் 'கோ' என்கிறார்கள். அவனோ தன் பெயர் வந்ததும் நாணுகிறான். நடிகர்களே நடிகர்களாக வரும் இந்தக் காட்சியில் ஓரிக்கு வசனம் குறைவு; வெட்கம்தான் அவன் பகுதி. 153இல் பரிசு வாங்கி, வயிறார உண்ட அதே கலைஞர்கள் ஆடவும் முடியாமல் பாட்டையும் மறந்து கிடக்கிறார்கள். மானியம் பற்றிய பழைய எச்சரிக்கை என்று நண்பர் சொன்னார். அவர் மானியம் கிடைக்காதவர்.

204 வேறு தினுசு. கழைதின் யானையார் வந்திருக்கிறார், இந்த முறை பரிசில் கிடைக்கவில்லை. ஓரிக்கு எதிரே நின்று பேசுகிறார். கேட்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு. கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்பது அதைவிட உயர்வு. கடல் நீர் தெளிவாக இருந்தாலும் தாகத்துக்கு யாரும் குடிக்கமாட்டார்; மாடு கலக்கிய குட்டையானாலும் வழி தேடிப் போவார். நான் உன்னை நோகமாட்டேன், நான் புறப்பட்ட வேளையைத்தான் நோவேன், நீ வாழ்க. ஒரு முறைகூட ஓரியைக் குறை சொல்லாமல் ஓரி நெளியும்படி பேசுகிறார். அழாமல், குரல் உயர்த்தாமல் இதைச் சொல்லத் தெரிந்த நடிகர் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல்.

*

ஆடியில் செம்மேட்டில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா எடுக்கிறார்கள். சிலைக்கு மாலை, கலை நிகழ்ச்சிகள். என் யோசனை: ஒரே ஒரு நடிகர் சிலைக்கு எதிரே நின்று 204ஐப் பேசட்டும். கேட்போருக்கு ஆள் தேடவே வேண்டாம், ஓரி வில்லோடு நிற்கிறான், பதிலும் சொல்லமாட்டான். பார்வையாளர்கள் பக்கவாட்டில் நிற்கலாம். விழாவில் மனக்குறைப் பாட்டு எதற்கு என்று கேட்பார்கள். அப்போது முதலில் 152ஐ மேளத்தோடு போட்டுவிட்டு, கைதட்டல் அடங்கும் முன்பே யானையாரை அனுப்பிவிட வேண்டியதுதான்.