இரண்டாவது மின்கலம்

பயணம் புறப்படுவோர் கமராவைத் தேர்வதிற் காட்டும் கவனத்தை அதற்கு உயிரூட்டும் மின்கலத்திற் காட்டுவதில்லை. நெடுந்தீவுக்குச் சென்ற கலைப்பீட மாணவன் ஒருவனும் அதற்கு விலக்கல்லன். அம்மம்மா பிறந்து வளர்ந்த கல்வீடு அங்கே இடிக்கப்படவிருந்தது. அதனைப் படமெடுத்து வருமாறு அவர் கேட்டிருந்தார். கையிலே இரவற் கமரா. அதனுள்ளே ஒரேயோர் இலிதியம் மின்கலம்.

குறிகாட்டுவானிற் படகேறியதுமே அவன் படமெடுக்கத் தொடங்கினான். முருகைக்கல் வேலிகள், பெருக்குமரம், பழைய கோட்டையின் இடிபாடு, வெளியில் மேயும் குதிரைகள் என எதனையும் விட்டானல்லன். படமெடுத்தல் மட்டுமா மின்கலத்தை உண்கிறது? ஓயாது ஒளிரும் திரையும், எடுத்ததை மீட்டும் மீட்டும் பார்க்கும் ஆசையுமன்றோ அதனைப் பெரிதும் உண்கின்றன! கல்வீட்டை அடைந்து திண்ணையை ஒருமுறை எடுத்தான். அடுக்களைப் பக்கம் திரும்பியபோது திரை இருண்டது. மின்னேற்றியோ வீட்டில், கடைசிப் படகோ துறையில்.

அன்றிரவு அந்த ஒரு படத்தை அம்மம்மா கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“குசினி எங்கை, மோனை?”

அவன் மறுமொழி கூறவில்லை. தகப்பனார் சினக்கவுமில்லை, பழைய கதையொன்றைத் தொடங்கினார். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, தைனமோவின் வலுவிலே வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஓய்ந்த பற்றறிகளை வெயிலிற் காயவைத்து மீண்டும் பயன்படுத்திப் பார்ப்பர். பென்ரக்ஸ் கே-1000 போன்ற பொறிமுறைக் கமராவில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் வெயிலைக் கண்ணால் மதித்துப் படமெடுக்கலாம். கனன் ஏ.ஈ.-1 வகையோ 6 உவோற்று மின்கலமின்றி இயங்கவே மாட்டாது. அந்நாளில் அது சிறு வேறுபாடன்று.

இன்றைய எண்முறைக் கமராக்களுக்கு அச்சலுகை இல்லை. மறுநாள் இருவரும் யாழ்ப்பாண நகரிலே தேடி, கமராவின் எண்ணுக்கும் உவோற்றளவுக்கும் பொருந்திய இரண்டாவது மின்கலமொன்றை வாங்கினர். மேலுறையில் மில்லியம்பியர்-மணியை மிகைப்படுத்தி அச்சிட்ட மலிவுப் பொருள்களும் அங்கு இருந்தன; தகப்பனார் அவற்றைத் தொடவில்லை. அதன் முனைகளிலே ஒட்டுநாடா சுற்றி, “சில்லறைக் காசோடை வையாதை, சூடேறும்” என்றார். பலாலியில் விமானம் ஏறுவோரும் உதிரி இலிதியம் மின்கலத்தைக் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும், காரணம் இதுவே.

அடுத்த சனிக்கிழமை அவன் சென்றபோது கூரை பிரிக்கப்பட்டிருந்தது. அடுக்களைச் சுவர் புகைக்கரியோடு நின்றது. திரையை அணைத்துவிட்டு, கண்வைத்துப் பார்க்கும் துளையினூடே பார்த்து, பத்தொன்பது படங்கள் எடுத்தான். இரண்டாவது மின்கலம் பையிலேயே கிடந்தது.