எந்தத் தெரு?

மும்பையில் எல்லாம் கலந்து கிடக்கு என்பார்கள். பேச்சிலும் துணியிலும் நிஜம்தான். தாராவியில் எங்க திருநெல்வேலித் தமிழுக்குள்ளே மராத்திக் 'கோலி' குடியேறியாச்சு. அறை என்றால் பிள்ளைகள் கன்னத்தைப் பொத்தும். 1966இல் தொடங்கிய சிவசேனை லுங்கிக்காரர்களை விரட்டியபோது எல்லோரும் ஒரே 'மதராசி'. அடித்தவன் சாதி கேட்கவில்லை.

வாடகைக்குக் கோலி தேடிப் போனேன். தமிழன்தான் கேட்டான்: "ஊர்ல எந்தத் தெருடே?" சொன்னேன். "கோலிக்கு ஆள் வந்தாச்சு" என்றான். அவனும் லுங்கிதான் கட்டியிருந்தான்.

டிசம்பர் 6 ஆனால் தாதர் சைத்தியபூமிக்குப் போவேன். 1956இல் பாபாசாகேபை எரியூட்டிய கடற்கரை. ஒரு வருஷம், வெள்ளைப் புடவை கட்டிய மராத்திக் கிழவி "ஜெய்பீம்" சொல்லி, முடிச்சை அவிழ்த்து, பாக்ரியில் பாதியைப் பிட்டுத் தந்தாள். அவள் பேச்சு அரைகுறையாகத்தான் புரிந்தது. வரிசையில் நின்றபடியே ரெண்டு பேரும் தின்றோம்.