சுவரும் மூச்சும்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடமே வீடு என்று பலர் எண்ணுகின்றனர். அது மனிதர் மூச்சுவிடும் இடமும் ஆகும் என்பதைக் கண்டாவளையின் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த நாம் உடம்பால் அறிந்தோம்.

2009இல் போர் முடிந்தபின், முகாம்களிலிருந்து ஊர் மீண்ட எமக்குக் கிடைத்தவை தறப்பாளும் தகரமுமே. நண்பகலில் தகரம் கொதித்தது; குழந்தைகளை மரநிழலில் கிடத்தினோம். விடியற்காலையில் அதே தகரத்தின் உட்புறம் வியர்த்துப் பாயின்மேல் சொட்டியது. மெல்லிய உலோகம் வெயிலில் விரைந்து சூடேறும். இரவில் விரைந்து குளிரும்.

எம் முன்னோரின் மண்வீடு அத்தகையதன்று. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்லவே உள்வாங்கும். கூரையில் வேய்ந்த கிடுகும் பனையோலையும் தம்முள் அடங்கிய காற்றினால் வெப்பத்தைத் தடுக்கும். அவற்றின் இடுக்குகள் வழியே அடுப்புப் புகை வெளியேறும். வெப்பத்தடுப்பு என்றும் காற்றோட்டம் என்றும் இன்று பொறியியலாளர் பிரித்துரைக்கும் இரண்டும் அங்கே ஒன்றாயிருந்தன. ஆயினும் தீயும் கறையானும் அவ்வீட்டின் பகைவர். ஆண்டுதோறும் வேயும் செலவு ஏழையின் சுமை. ஆகவே பழைய குடிசைக்கே திரும்புவோம் என்று நாம் வாதாடவில்லை.

கல்வீடு வேண்டும்; காற்றும் வேண்டும். இந்திய வீட்டுத் திட்டம் 550 சதுர அடி வீட்டுக்கு 5,50,000 ரூபாய் வழங்கிற்று. பயனாளிகளே முன்னின்று கட்டினர். பணம் முட்டுப்பட்டபோது எமது அயலில் சிலர் முதலிற் கைவிட்டது யன்னலைத்தான். அதன் இடத்தைச் சீமெந்துக் கல் அடைத்தது. இதற்கு அவர்களைக் குறைகூறுவது நீதியாகுமா? பின்னர் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் செலவில், வடக்கு கிழக்குக்கென முன்மொழியப்பட்டன. அவற்றின் வெப்பம் பற்றியும் காற்றோட்டம் பற்றியும் மக்கள் எழுப்பிய கேள்விகள் பெரும் விவாதமாயின. அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை.

அடைபட்ட வீட்டின் துன்பம் எல்லோருக்கும் சமமன்று. ஆண்கள் வயலிலும் முற்றத்திலும் காற்று வாங்க, விறகடுப்பின் முன் இருமுகிறவள் பெண். அவள் இடுப்பில் இருமுவது குழந்தை. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மாரியிலோ நனைந்த சுவர் காற்றின்றி உலராது, பூஞ்சணம் படரும்.

இதற்கு மாற்று அரியதன்று. வெயிலை மிகுதியும் தாங்குவது கூரையாதலால் வெப்பத்தடுப்பு அங்கே தொடங்கட்டும். சோழகம் நுழைய ஒரு யன்னலும், அது வெளியேற எதிர்ச்சுவரில் இன்னொன்றும் அமையட்டும். மேலெழும் சூட்டுக்கு முகட்டருகே திறப்பும், அடுப்புக்குப் புகைபோக்கியும் இருக்கட்டும். இவற்றுக்கான பணத்தை உதவித்தொகையிலேயே சேர்த்துக் கணக்கிடுவது திட்டம் வகுப்போரின் கடமை.

கட்டிமுடித்த வீடுகளின் தொகையை அறிக்கைகள் பெருமையுடன் கூறுகின்றன. அவ்வீடுகளுள் மனிதர் எவ்வாறு உறங்குகின்றனர், எவ்வாறு சமைக்கின்றனர் என்பதையும் அவை கூறவேண்டும். அதைக் கேட்கும் உரிமை எமக்குண்டு.