பண்ணையாள் முறைக்குப் பின்: தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடல்வரை விரியும் காவிரிப் படுகையில் அடிமைத்தனம் தவணை தவணையாக முடிந்தது. ஏட்டளவில் 1843-இல், கூலிக் கணக்கில் 1952-இல், குடியிருக்கும் மனையில் 1971-இல். நிலத்தைப் பொறுத்தவரை இன்னும் முழுதாக முடியவில்லை. தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஆற்றோடு போகும் சாலையில் இந்தத் தவணைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் சாட்சியாக நிற்கிறது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் எழுந்த கேள்வியும் இதுதான்: விடுதலை பெற்றவர்கள் எங்கே குடியிருப்பது, எதை உழுது பிழைப்பது? அந்த ஆண்டு ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் தெற்குக் கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிவிட்டார். 1870-இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1877-இல் மத்திய அரசின் படைகள் பின்வாங்கிய பிறகு அந்த உரிமையும் பெயரளவில் நின்றது. நிலமில்லாதவர்கள் பழைய எசமானின் வயலிலேயே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினார்கள்.

காவிரிப் படுகையில் படைகள் மோதவில்லை. ஆனால் ஒவ்வொரு கிராமமும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் எதற்குள் நுழைந்தாலும் அந்தப் பிரிவை இன்றும் கண்ணால் அளக்கலாம். ஆற்றங்கரை மேட்டில் கோயிலும் அக்ரகாரமும், அதை ஒட்டிக் குடியானத் தெரு. பிறகு வயல். வயலைத் தாண்டி, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் தாழ்வில் சேரி. நிலம் மிராசுதாரிடமும் கோயிலிடமும் மடத்திடமும் இருந்தது. உழைப்பு பெரும்பாலும் பள்ளர், பறையர் குடும்பங்களுடையது. மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இரண்டு கிராமங்களில் தங்கி இந்த அமைப்பை ஆராய்ந்தார். பத்தாண்டுகள் கழித்து வந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், திருவையாற்றை அடுத்த ஒரு கிராமத்துக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்து, சாதியும் நிலமும் அதிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று எப்படி விலகத் தொடங்கின என்று எழுதினார்.

இந்த வட்டாரத்தில் மனித விற்பனையின் வரலாறு நீண்டது. திருப்பாம்புரம் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, பஞ்சத்தில் தவித்த வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரு பெண் மக்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைப் பதிந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் நிலத்தோடு சேர்த்து ஆட்களைக் கைமாற்றும் வழக்கம் தொடர்ந்தது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், ஓர் ஆள் தனக்கு அடிமை என்று எவரும் கேட்டு வந்தால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது. அடிமை வாணிபம் குற்றமானது 1862-இல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

சேரியில் மாறியது கொஞ்சம்தான். அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயர் வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணம் தகப்பன் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு ஏறியது. குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். சங்கிலி இல்லாமலேயே ஆள் நகராமல் இருந்ததற்கு இந்த மனைக்கட்டுதான் காரணம். மீறிக் கிளம்பியவர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் ஒரு வாசல். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அங்கிருந்து பினாங்குக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் கப்பல்கள் ஆட்களை ஏற்றிச் சென்றன.

பண்ணையின் அன்றாடக் கணக்கு மரக்கால் என்ற நெல் அளவையில் ஓடியது. கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுவடை முடிந்ததும் களத்தில் கிடைக்கும் பங்கு தனி. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது அதைவிடச் சிறிய இன்னொரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகள் உண்டு. அதற்குக் கள்ள மரக்கால் என்றே பெயர். வேலைக்குத் தாமதமாக வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி. அதற்கு மேல் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனை. இதை நிறைவேற்றுவது பெரும்பாலும் பண்ணையின் காரியக்காரர். மிராசுதார் திண்ணையை விட்டு இறங்க வேண்டியதுகூட இல்லை.

இந்தத் தண்டனைகள் நின்றது மன்னார்குடி வட்டாரத்தில். மன்னார்குடியை அடுத்த தென்பரையில் 1943-இல் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. தென் கன்னடத்திலிருந்து வந்து கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்த பி. சீனிவாசராவ் அதைக் கட்டினார். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. சேரிகளிலேயே தங்கி, அங்கேயே உண்டு, மாலையில் கூட்டம் போட்டார். குத்தகைதாரரும் பண்ணையாளும் ஒரே கொடியின் கீழ் நின்றது படுகைக்குப் புதிது. குத்தகைதாரர்களில் பலர் குடியானத் தெருக்காரர்கள். அவர்கள் சேரிக்காரரோடு ஒரே பாயில் உட்கார்ந்து கூலியும் வாரமும் பேசினார்கள்.

நாற்பதுகளின் நடுவில் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் கள்ள மரக்காலையும் ஒழிக்க வழிசெய்தது. பண்ணையாளின் கோரிக்கையை மிராசுதார் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டது அதுவரை நடக்காத காரியம். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. களப்பாள் குப்பு 1948-இல் சிறையில் இறந்தார். சாம்பவானோடை சிவராமனும், மலாயாவிலிருந்து திரும்பிவந்த வாட்டாக்குடி இரணியனும் 1950-இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1961-இல் மறைந்த சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. இந்தச் சாலையில் ஊருக்கு ஊர் நிற்கும் செங்கொடிக் கம்பங்களும் தியாகிகள் தூண்களும் அந்தப் பத்தாண்டின் மிச்சம்.

1952 பொதுத்தேர்தலில் வயது வந்த எல்லாரும் முதல்முறையாக வாக்களித்தபோது, படுகையின் பல தொகுதிகள் கம்யூனிஸ்டுகள் பக்கம் போயின. சென்னையில் பெரும்பான்மை இல்லாமல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி அரசு, அந்த ஆகஸ்டிலேயே தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. 1951 டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாள் ஆணுக்கு நாளைக்கு இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒன்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்துக்கு, மேல் வைத்திருந்தவர்களை இது கட்டுப்படுத்தியது. தகராறுகளைத் தீர்க்கச் சமரச அதிகாரிகள் அமர்த்தப்பட்டார்கள்.

சட்டத்தின் விளைவு இரண்டு விதமாக இருந்தது. குத்தகைதாரர் பலர் நிலைத்தார்கள். 1955, 1956-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுடைய உரிமையையும் நியாய வாரத்தையும் மாநிலம் முழுவதும் விரித்தன. பண்ணையாட்களின் நிலை வேறு. நிரந்தர ஆளாக வைத்தால்தானே சட்டம் பாயும் என்று கணக்குப் போட்ட மிராசுதார்கள் அவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களை அன்றாடக் கூலிக்கு அழைத்தார்கள். அறுபதுகளின் நடுவில் பண்ணையாள் என்ற நிலையே அநேகமாக மறைந்துவிட்டது. அதோடு பண்ணை கொடுத்த வருஷக் கடமைகளும், தீபாவளி வேட்டி சேலையும், கஷ்ட காலத்து நெல்லும் மறைந்தன. கூலிக்காரர் இப்போது யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அவருக்கு வேலை கொடுக்கக் கடமைப்பட்டவரும் இல்லை.

இதே சமயத்தில் உற்பத்தி கூடியது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-இல் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. குறுகிய கால நெல் ரகங்களும் உரமும் வந்தன. குறுவையும் தாளடியுமாக இரண்டு போகம் பரவியது. விளைச்சல் ஏறியபோது கூலியும் ஏற வேண்டும் என்று சங்கம் கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். கூலித் தொழிலாளர்கள் மிகுந்த கிழக்குத் தஞ்சையில் மோதல் முற்றியது.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் கீழ்வேளூரில் பிரிந்து, தேவூர்ப் பக்கம் போனால் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வும் செங்கொடியும் காரணமாகத் தாக்கவந்த கும்பலிடமிருந்து தப்பிக்க ஓடியவர்கள் சேரியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். ஓரிரு பேர் கால் நீட்டிப் படுக்கும் அளவே கொண்ட குடிசை அது. வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிந்து இறந்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்கு நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970-இல் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் அனைவரையும் விடுவித்தது. வசதியான நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக்கூடியதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் ஊரில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே திரள்கிறார்கள்.

வெண்மணிக்குப் பின் அரசு நான்கு வழிகளில் தலையிட்டது. கணபதியா பிள்ளை ஆணையம் கூலித் தகராறுகளை ஆராய்ந்தது. 1969-இல் வந்த நியாயக் கூலிச் சட்டம் கிழக்குத் தஞ்சைக்குக் கூலியை வரையறுத்தது. 1961-இல் 30 நிலையான ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு 1970-இல் 15 ஆகக் குறைந்தது. 1971-இல் வந்த குடியிருப்பு உடைமைச் சட்டம், குடிசை நின்ற மனையை அதில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கியது.

இந்த மூன்று சட்டங்களில் சேரியின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது கடைசியாக வந்தது. உச்சவரம்பைப் பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் பெரிதும் செல்லாக்காசாக்கின. கூலிச் சட்டத்தை ஒவ்வொரு அறுப்பிலும் புதிதாகப் போராடி வாங்க வேண்டியிருந்தது. மனைப்பட்டா கையில் வந்ததும், கூலி கேட்டால் குடிசையைப் பிரித்து எறிவேன் என்ற மிரட்டல் செல்லாமல் போனது. கூரை வீடுகள் நின்ற இடத்தில் அரசுத் தொகுப்பு வீடுகள் எழ முடிந்ததும் அந்தப் பட்டாவால்தான்.

நிலத்துக்கான முயற்சி வேறு ஒரு திசையிலிருந்து வந்தது. வெண்மணிச் செய்தி கேட்டு வந்த சர்வோதயத் தொண்டர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் படுகையிலேயே தங்கிவிட்டார்கள். வலிவலத்தில் அறக்கட்டளை நிலங்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கமான ‘லாப்டி’யைத் தொடங்கினார்கள். விற்க முன்வரும் நிலவுடைமையாளரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பத்திரம் பதிவது அதன் முறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. தொண்ணூறுகளில் கடலோர வயல்கள் இறால் பண்ணைகளாக மாறி நிலமும் குடிநீரும் உப்பேறியபோது, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. இருவருக்கும் 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது கிடைத்தது.

இன்றைய படுகையில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகின்றன. சேரியின் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருகிறது. ஆனால் கோயில், மட நிலங்களின் குத்தகைதாரர்களில் பலருக்குப் பதிவான உரிமை இல்லை. கோயில் மனைகளில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் பட்டா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுடுகாட்டுப் பாதையும் பல கிராமங்களில் இன்னும் தனித்தனிதான். பண்ணையாள் முறை விட்டுச்சென்றவற்றில் இன்னும் தீர்வுக்குக் காத்திருப்பவை இந்த மூன்றும்.