துளைகளில் தெரியும் படகின் வயது

இங்கிலாந்தின் தென்கரையில், சோலண்ட் நீரிணையை ஒட்டிய லிமிங்டனில் பழைய பாய்மரப் படகுகளுக்குக் குறைவில்லை. டேவிட் சாட்லர் வடிவமைக்க, ஜெரமி ராஜர்ஸ் 1970களின் தொடக்கத்திலிருந்து கட்டிய ‘கான்டெசா 32’ என்ற 32 அடி ஃபைபர் படகு இந்த ஊரில் பிறந்ததுதான். 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புறப்பட்ட 303 படகுகளில் 86 மட்டுமே பந்தயத்தை முடித்தன. புயலில் பந்தய மாலுமிகள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ‘அஸென்ட்’ என்ற கான்டெசா 32. அந்தப் பெயரை நம்பி, இத்தகைய படகொன்றை வாங்கி அதிலேயே குடியிருந்து கரையோரமாகப் பயணிக்க நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐம்பது வயதுப் படகை நம்பலாமா என்பதே அவர்கள் முதலில் கேட்பது. படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர்களின் வேலையைக் கவனித்தால், வயதைக் கேட்பதில் பெரிய பயனில்லை என்பது விளங்கும். ஃபைபர் உடல் மெதுவாகவே மூப்படைகிறது. அதில் துளையிட்டு எதையாவது பொருத்திய இடங்கள்தான் விரைவில் கெடுகின்றன. பழைய படகை மதிப்பிடுவது என்றால் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக மதிப்பிடுவது என்றே சொல்வேன்.

சர்வேயரின் முதன்மையான கருவி சிறிய பிளாஸ்டிக் சுத்தியல். படகின் மேல்தளத்தில் மண்டியிட்டு, உள்ளங்கை அகலம் விட்டு உள்ளங்கை அகலம் தட்டிக்கொண்டே நகர்வார். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் சந்தேகம். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றின் தளம் மூன்றடுக்கு: மேலும் கீழும் ஃபைபர், நடுவே எடை குறைவான பால்சா மரம். கைப்பிடிக் கம்பியின் திருகாணியைச் சுற்றி அடைத்த பசை காய்ந்து விரிசல் விட்டால், மழைநீர் அந்த வழியே இறங்கி மரத்தை ஊறவைக்கும். ஊறிய மரம் ஃபைபரை விட்டுப் பிரிந்து, பின் கூழாகும். வெளியே பளபளப்பான வெள்ளைப் பூச்சில் ஒன்றும் தெரியாது. மந்தமான ஒலி எழும் பரப்பின் எல்லையைச் சர்வேயர் பென்சிலால் வரைந்துகொண்டே போனால், அந்தக் கோடு பெரும்பாலும் ஏதோவொரு திருகாணியைச் சுற்றியே வளையும்.

உலோகத்திலும் கதை இதுவே. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள் கண்ணில் படுவதால் அவற்றை மாற்ற யாரும் மறப்பதில்லை. மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கின்றன. அந்த வடங்களை உடலோடு பிணைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்தான் கண்ணுக்கு மறைவானது. ஆக்சிஜன் படும்வரைதான் அந்த எஃகின் மேற்பரப்பில் காப்புப் படலம் நிலைக்கும். துளைக்குள் ஈரம் தேங்கிக் காற்று புகாமல் போனால் அங்கே அரிப்பு தொடங்கும். பட்டையைக் கழற்றிப் பார்த்தால், மேலும் கீழும் பளபளக்கும் உலோகத்தின் நடுவில், தளத்தின் தடிமன் அளவுக்கு மட்டும் பழுப்புக் கறையும் மெல்லிய விரிசலும் இருக்கக்கூடும். அங்கே அறுந்தால் பாய்மரமே சாயும்.

புதிய படகை வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதே என்பார்கள். அது நியாயமான பேச்சாகப் பட்டாலும் சான்றுகள் அதற்கு முழுத் துணை நிற்பதில்லை. 2006இல் கட்டப்பட்ட ‘சீக்கி ராஃபிகி’ என்ற பாய்மரப் படகு 2014 மே மாதம் நடு அட்லாண்டிக்கில் அடிப்பகுதியின் எடைக்கட்டை கழன்று கவிழ்ந்தது, நால்வர் மாண்டார்கள். முன்பு பலமுறை தரைதட்டியதில் அந்தக் கட்டையைத் தாங்கும் அமைப்பு வலுவிழந்திருக்கலாம் என்றது பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு. கவிழ்ந்தபோது அந்தப் படகின் வயது எட்டு. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளையும் பாருங்கள். 1998இல் ஐரோப்பியப் படகு விதிகள் கட்டாயமானபின், அவற்றோடு சேர்ந்த தரநிலைப்படி வால்வின் உலோகம் ஐந்தாண்டு அரிப்பைத் தாங்கினால் போதும் என்றிருந்தது. அதனால் புதிய படகுகள் பலவற்றில் சாதாரணப் பித்தளை இடம்பிடித்தது. உப்புநீரில் அதிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், இளஞ்சிவப்பாக, தட்டினால் உதிரும் தாமிரக் கூடு மிஞ்சும். பழைய படகில் நல்ல வெண்கல வால்வு இருந்தால், அதுவே பத்து வயதுப் படகின் பித்தளையைவிட நம்பகமானது.

ஈரமானி இருக்கும்போது சுத்தியல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஈரமானி நீரை நேராக அளப்பதில்லை. பொருளின் மின் தன்மையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. தாமிரம் கலந்த அடிப்பூச்சோ, சுவருக்குப் பின்னுள்ள தண்ணீர்த் தொட்டியோ அதைத் தவறாகக் காட்ட வைக்கும். ஈரமானி காட்டும் எண்ணையும் சுத்தியலின் ஒலியையும் சேர்த்து வைத்துப் பொருள் சொல்ல மனிதர் வேண்டும். சர்வேயரின் அறிக்கையிலும் ‘இவ்விடத்தை அணுக முடியவில்லை’ என்ற வரி அடிக்கடி வருகிறதே, அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். எனக்கு அந்த வரிதான் மிக மதிப்புள்ளது. விற்பவரின் அனுமதியோடு எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், எதற்காக விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

படகில் குடியேறுபவருக்கு இது இன்னும் முக்கியம். வீடாக்க வீடாக்கத் துளைகள் பெருகும்: சூரியத் தகடு, கணப்பு, கூடுதல் மின்கம்பி என ஒவ்வொன்றும் ஒரு புதிய துளை கேட்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகுக்குள் அடிப்பகுதியில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்கு வெளிப்புறமாக வடிகால் இருக்கிறதா என்று பார்ப்பது உயிர் சார்ந்த சோதனை. வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. தளத்தைப் பிரித்து மரத்தை மாற்றும் கூலி சில சமயம் படகின் விலையையே எட்டிவிடும். மலிவு என்று சர்வேயரைத் தவிர்ப்பவர் அந்தக் கூலியைப் பிறகு தருவார். ஆகவே விற்பவரிடம் படகு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு பொருத்தும் கடைசியாக எப்போது கழற்றி அடைக்கப்பட்டது, யார் செய்தார்கள், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் ஐம்பது வயதுப் படகை, பதிலில்லாத பத்து வயதுப் படகுக்கு முன்னால் நான் தேர்ந்தெடுப்பேன்.